கால் படாத இடத்தில் ஊற்றிய பால்

மண்ணை எல்லை தாண்டிக் கொண்டுவராதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்வதுதான் என் பிழைப்பு. கடல் கடந்து ஈப்போவில், காய்கறிச் செடிகளின் நோய்களைப் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். செருப்பில் மண்ணோடு யாராவது உள்ளே வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவளைப் பார்த்து என் மாமியார் ஒருநாள், "ஜெயா, தாம்பரத்துப் பக்கம் நம்ம குலதெய்வம் இருக்காளே, போயிப் பிடிமண் எடுத்துக்கிட்டு வா. தோட்டத்துல கோயில் கட்டிடலாம்" என்றார்.

குலதெய்வத்தின் காலடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துவந்து வைத்தால், தெய்வமே கூட வந்துவிடும் என்பது நம்பிக்கை. தோட்டம் என்று அவர் சொன்னது எங்கள் மிளகாய்த் தோட்டத்தை. என் கணவர் குடும்பமும் அவர் தம்பி குடும்பமும் அதை நம்பித்தான் இருக்கின்றன. "ஒரு கைப்பிடிதானேம்மா" என்றார் மாமியார். அந்தக் கைப்பிடிக்குள் எத்தனை உயிர்கள் நீந்துகின்றன என்று நான் விளக்கியிருக்கலாம். விளக்கியிருந்தால் அன்றைக்கு வீட்டில் உலை வைத்திருக்க மாட்டார்கள். நல்ல மண்ணாக இருந்தால் முறைப்படி அனுமதி கேட்போம், இல்லாவிட்டால் வாயால் சமாளிப்போம் என்று ஒரு காலி ஊறுகாய் பாட்டிலோடு கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்தில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு ஒரு முழங்கை இடி. மின்சார ரயில் வந்து நின்றதும், ஈப்போ வழக்கப்படி இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். பின்னாலிருந்து கூடையோடு வந்த ஒரு அம்மாள், "இன்னாம்மா, போட்டோவுக்கு நிக்கிறியா? ஏறு!" என்று என்னை உள்ளே தள்ளி, தானும் ஏறி, எனக்கும் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். இவ்வளவு அதட்டலுக்குள் இவ்வளவு கரிசனமா என்று அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலில் பல்லாவரம் என்று பலகை வந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் போக வேண்டியது பொத்தேரி. அது தெற்கே இருக்கிறது; ரயில் வடக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாளிடம் சொன்னேன். "பொத்தேரியா? அது அந்தாண்ட கீது. நான் ஏறுன்னா நீ ஏறிடுவியா? எங்கன்னு கேக்க மாட்ட?" என்று தலையில் அடித்துக்கொண்டவர், இறங்கும்போது மிளகாய்த்தூள் தடவிய பாதிக் கொய்யாவை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பித் தாம்பரம் வந்து, பசி தாங்காமல் ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் இட்லிக்குச் சட்டினி, சாம்பாரோடு கதை முடிந்துவிடும். பழைய வடையை உதிர்த்துப் போட்டு இப்படி ஒரு குழம்பு வைக்கலாம் என்று இத்தனை வருடம் எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று கோபமே வந்தது. பரிமாறியவரிடம், "நீங்க பசியாறியாச்சா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வி. மனிதர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். "இத்தினி வருசத்துல ஒரு கஸ்டமர் கூட கேட்டதில்லம்மா" என்று இன்னொரு கரண்டி வடகறி ஊற்றினார்.

பொத்தேரியில் கஸ்தூரி அக்காவின் வீடு. என் கணவருக்குப் பெரியப்பா மகள். ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம். இப்போது மூன்று மாடி கட்டி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அறை விட்டிருக்கிறார். மாடிப்படியெல்லாம் ஷூ, மொட்டை மாடியெல்லாம் ஜீன்ஸ். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், யாருடைய பைக்கில் வருகிறார்கள் என்று அக்காவுக்கு எல்லாம் தெரியும். "போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்ளோ டீட்டெயில் கெடையாது" என்றான் அவர் தம்பி ஏழுமலை.

ஏழுமலை என் கணவரைவிட இளையவன். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். அன்றைய சமையலில் கருவாட்டுக் குழம்பில் கிடந்த கத்திரிக்காய் அவன் கொல்லையில் விளைந்தது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால், எங்கள் பொன்னியம்மன் இருக்கும் இடத்தைச் சுற்றித்தான் அந்தக் கொல்லை. பங்காளிகள் எல்லாரும் விற்றுவிட்டார்கள். இவன் ஒருவன் மட்டும் விடாமல் பயிர் வைக்கிறான். மனை போடுகிறவர்கள் மாதம் தவறாமல் வந்து இவன் கையெழுத்துக்கு நிற்கிறார்களாம்.

"போன தபா செடி பாதி வாடிப்போச்சு அண்ணி. பேஜாராயி, குட்த்துடலாம்னே முடிவு பண்ட்டேன்" என்றான். "அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு கேட்டேன். அவ நடுன்னு உத்தரவு குட்த்தா. அந்த ஆள திருப்பி அனுப்பிட்டு, புதுசா நாத்து நட்டுட்டேன். இதுவும் பூட்ச்சின்னா நெலம் அவனுக்குத்தான்."

உத்தரவு என்றால் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள், இல்லை பல்லி சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். கருவாட்டுக் குழம்பின் ருசியில் மேலே எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மூவரும் ஷேர் ஆட்டோவில் கிளம்பினோம். டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள், எங்கள் மடியில் யாரோ ஒருவருடைய அரிசி மூட்டை. நடுவழியில் ஆட்டோ நின்றுவிட்டது. இறங்கித் தள்ளச் சொன்னார்கள். காசு கொடுத்து ஏறிய வண்டியை நானே தள்ளுவது எனக்கு அதுதான் முதல் தடவை. பட்டுப் புடவையோடு கஸ்தூரி அக்காவும் தள்ளினார்.

கோயில் என்றால் கோபுரம் எல்லாம் கிடையாது. ஒரு வேப்பமரம், தகரக் கூரை, மஞ்சள் பூசிய அம்மன். ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர், மற்ற மூன்று பக்கமும் கத்திரிச் செடி. பார்த்ததும் கும்பிடத்தான் கை எழுந்தது. ஆனால் கண் செடிப் பக்கம் போய்விட்டது. பழக்க தோஷம். பாத்திகளில் அங்கங்கே சில செடிகள் இலை தொங்கி நின்றன. பழுக்கவில்லை, காயவில்லை, பச்சையாகவே துவண்டிருந்தன. வெயிலாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதே வெயிலில் பக்கத்துச் செடி நிமிர்ந்து நின்றது.

சன்னிதியில் கூட்டம். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பெண்ணின் கல்யாணத்துக்கு உத்தரவு கேட்டு நின்றது. நாவலூர் அடுக்கு மாடியிலிருந்து காரில் வந்த கணவனும் மனைவியும் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் உத்தரவு கேட்டுச் சொல்வது கஸ்தூரி அக்காதானாம். அவர் கொல்லைக்குள் போய் ஒரு கத்திரிக் கிளையை வெட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, அம்மன் காலடியில் வைத்து, கிளையை அதில் நிறுத்தினார். கற்பூரம் ஏற்றினார்கள். எல்லாரும் தம்ளரையே பார்த்தார்கள்.

வெட்டிய நுனியிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. பின்னால் இன்னொன்று. தம்ளரின் அடிவரை இறங்கி, மெதுவாகத் தண்ணீர் முழுக்கப் பால் நிறமானது.

"அம்மா பால் குட்த்துட்டா!" என்று யாரோ கத்த, பெண்கள் குலவை போட்டார்கள். அந்தக் குப்பத்து அம்மாள் அழுதுகொண்டே விழுந்து கும்பிட்டார். நான் தம்ளருக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன்.

வாடல் நோய்க் கிருமி என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா, மண்ணில் இருக்கும். வேர் வழியாக ஏறி, தண்டுக்குள் தண்ணீர் போகும் குழாய்களில் பெருகி, பசையாக அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கிடைக்காமல் செடி பச்சையாகவே சாகும். அப்படிப்பட்ட தண்டை வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால் கிருமிக் கூட்டம் பால்போல் இறங்கும். நோயை உறுதிசெய்ய எங்கள் கூடத்தில் நான் செய்யும் சோதனையே அதுதான். அதையே இங்கே கற்பூரம் காட்டிச் செய்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, இது எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"ஒருநாள் வேப்பங்கிள எட்டல. பூவோட கீதேன்னு கத்திரிய ஒட்ச்சி தம்ளர்ல வெச்சேன். பால் வந்துச்சி" என்றார் அக்கா பெருமையாக. "மொதல்லல்லாம் எல்லாருக்கும் வராதும்மா. எப்பவோ ஒருத்தருக்குத்தான் வரும். இப்ப யாரு கேட்டாலும் குட்த்துர்றா. அவ்ளோ கருண!"

கருணை எப்படிப் பெருகியது என்று எனக்குப் புரிந்தது. அன்று ஒரு செடியில் இருந்தது இன்று கொல்லை முழுக்க இருக்கிறது. வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கும் ஒரு கிளை வெட்டி வந்து, "அம்மா, எங்கூட்டுப் பொண்ணுகூட கடல் தாண்டி வருவியா?" என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். எனக்கும் பால் வந்தது. கூட்டமே என்னை வாழ்த்தியது. எவளோ ஒரு மகராசி என் ஊறுகாய் பாட்டிலை வாங்கி, அம்மன் காலடி மண்ணை அள்ளிப் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

அதோடு விட்டதா? தம்ளர் தண்ணீரை ஆளுக்குக் கொஞ்சம் சின்ன பாட்டிலில் வாங்கிக்கொண்டார்கள். "வூட்ல கால் படாத எடத்துல ஊத்துங்க. செடி அடியில ஊத்துங்க" என்று அக்கா ஒவ்வொருவரிடமும் சொன்னார். தீர்த்தத்தை மிதிக்கக் கூடாது. அதனால் செடிக்கு ஊற்றுவது நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். நாவலூர்க்காரப் பெண், "பால்கனில தக்காளி வெச்சிருக்கேன் ஆன்ட்டி, அதுக்கே ஊத்தறேன்" என்றாள். மிச்சத்தை ஏழுமலை ஒரு குடத்தில் சேர்த்தான். நேராக மோட்டார் தண்ணீர் வந்து விழும் வாய்க்கால் தலைப்புக்குப் போனான். கண்ணை மூடி, பயபக்தியோடு, ஒரு சொட்டு சிந்தாமல் அதில் ஊற்றினான்.

அந்தத் தண்ணீரால் மனிதர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கத்திரிக்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் அதுதான் எமன். எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அம்மன் பாலைக் கிருமி என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. யாரும் பார்க்காதபோது பாட்டில் மண்ணை அம்மன் காலடியிலேயே திரும்பக் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவி, தம்ளரின் அடியிலிருந்த தண்ணீரைக் கொஞ்சம் அதில் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் கஸ்தூரி அக்காவை மாடிக்கு அழைத்துப் போனேன். அங்கே குடியிருக்கும் டியூஷன் டீச்சரிடம் பழைய மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. தண்ணீரில் ஒரு சொட்டு வைத்து, "பாருங்கக்கா" என்றேன். அவர் குனிந்தார். உடனே தலையைத் தூக்கிவிட்டார்.

"இன்னாடி இது! ஓடுது!"

"உயிர், அக்கா."

மறுபடி குனிந்தார். இந்தத் தடவை வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஏழுமலை மிச்சம் வைத்திருந்த நாற்றுத் தட்டு இருந்தது. அதிலிருந்து ஒரு கத்திரி நாற்றைப் பிடுங்கிக் கழுவி, முடிபோன்ற வேர் நுனியை வெட்டி அந்தச் சொட்டுக்குள் வைத்தேன். இதை எத்தனையோ தடவை பார்த்தவள் நான். வேரிலிருந்து இனிப்பும் புளிப்புமாக ஏதோ கசிந்துகொண்டே இருக்கும். எறும்புக்குச் சர்க்கரை தெரிவதுபோல் இந்தக் கிருமிகளுக்கு அது தெரிந்துவிடும். வால்போன்ற இழையைச் சுழற்றிக்கொண்டு அந்தப் பக்கமே நீந்தும். வேரைத் தொட்டதும் மெல்லிய முடிகளால் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, பிசின் மாதிரி ஒரு போர்வை கட்டிக்கொள்ளும். பக்க வேர் கிளம்பும் இடத்தில் தோல் கிழிந்திருக்குமே, அதுதான் வாசல்.

"எல்லாம் வேராண்டயே போவுதே. யாரு சொன்னா அதுக்கு?" என்றார் அக்கா.

"யாரும் சொல்ல வேண்டாம்கா. வேரே கூப்பிடும். செடிக்கு நல்லது செய்யற கிருமியும் இப்படித்தான் நீந்தி வரும், இப்படித்தான் ஒட்டும்."

"அப்ப இது நல்லதா கெட்டதான்னு செடிக்குத் தெரியாதா?"

"பல சமயம் உள்ளே வந்த பிறகுதான் தெரியுது."

அக்கா நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "தெய்வம் குட்த்த பால பூச்சின்றியா? வெளிநாட்ல கீறன்ற திமிரா?" என்று கீழே இறங்கிப் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருந்தார், கூட உட்காரவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. விருந்தாளியாக வந்த வீட்டில் அம்மனையே குற்றம் சொல்லிவிட்டோமே என்று இருந்தது.

காலையில் அவரே காப்பி கொண்டுவந்து என் எதிரில் உட்கார்ந்தார். கண் வீங்கியிருந்தது. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அவன் கொடம் கொடமா ஊத்தறானேம்மா" என்றார். "நான்தான் ஊத்தச் சொன்னேன்."

இரண்டு பேரும் ஓடினோம். ஓடினோம் என்று பெயர்தான். ரயில் பாதி வழியில் சிக்னலுக்கு நின்றது. எங்கள் ஊராக இருந்தால் ஒலிபெருக்கியில் மன்னிப்பாவது கேட்பார்கள். இங்கே எதிர் இருக்கைக்காரர், "இன்னா அவசரம், அங்க போயி இன்னா பண்ணப்போற?" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அக்கா என் கையை விடவே இல்லை.

ஏழுமலை மண்வெட்டியோடு பாத்திக்கு நடுவில் நின்றிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தான். "இன்னா அண்ணி, காலைலயே காமெடி பண்றீங்க."

"வேற கொல்லையிலிருந்து நல்ல கிளை ஒண்ணு கொண்டுவந்து வெச்சுப் பாருங்க, தம்பி. பால் வராது."

"அதெப்டி வரும்? அது அம்மா செடி இல்லியே" என்றான். பிறகு அவனே மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, "மேட்டுப் பக்கம் ஒரு பாத்தி கீது" என்றான். "அதுவும் அம்மா செடிதான். வாய்க்கா தண்ணி அங்க ஏறாது. நான் தெருக்கொழாய்லேர்ந்து புடிச்சி ஊத்தறேன்."

மேட்டுப் பாத்தியில் செடிகள் நிமிர்ந்து நின்றன. அக்கா புது பிளேடால் கிளை வெட்டினார். தம்ளரை அம்மன் காலடியில்தான் வைத்தோம். தண்ணீர் தெளிந்தே இருந்தது. காத்திருந்தோம். இன்னொரு செடியிலிருந்து வெட்டினோம். அப்போதும் தெளிந்தே இருந்தது. பிறகு ஏழுமலை வாய்க்கால் ஓரம் போய், வாடாமல் நிற்கிற செடியாகப் பார்த்து, அதில் ஒரு கிளையை வெட்டி வந்து தானே தண்ணீரில் நிறுத்தினான். வெள்ளை நூல் இறங்கியது.

அவன் உட்கார்ந்துவிட்டான். அம்மனைப் பார்க்கவில்லை, தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடட்டுமா, வேணாமான்னு கேட்டேன் அண்ணி" என்றான். "நான் செத்துக்கினு கீறேன்னு இது சொல்லிச்சி. நான் அத்த நடுன்னு எட்த்துக்கினேன்."

கஸ்தூரி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார். நானும் அழுதேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் உத்தரவு வாங்கிப் போனவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இவன் இந்தச் செடியிடமே இந்தச் செடியைப் பற்றிக் கேட்டிருக்கிறான்.

என்ன செய்வது என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வாய்க்கால் தண்ணீர் போன பாத்திகளில் உள்ள செடி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். சில வருடம் இங்கே கத்திரி, தக்காளி, மிளகாய் எதுவும் கூடாது. கேழ்வரகோ சோளமோ போடலாம். மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் மேட்டுக்குப் போகக் கூடாது.

"அதுவரிக்கும் அந்த மனைக்காரன் சும்மா இருப்பானா?" என்றான். எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். நாவலூர்ப் பெண்ணின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டார். "கண்ணு, நான் பொன்னியம்மன் கோயில் ஆன்ட்டி பேசறேன். அந்தத் தீர்த்தத்த செடிக்கு ஊத்திட்டியா?" என்று கேட்டார். "நேத்தே ஊத்திட்டாளாம்" என்று எங்களிடம் சொன்னார். பிறகு அடுத்த எண்ணைத் தேடினார்.

ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டு, வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த, புது நாற்று நட்ட பாத்தியில் இறங்கினான். செடிகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. முதல் பூ விட்டிருந்தது. அதில் ஒன்றுகூட இன்னும் வாடவில்லை.

"பச்சையா கீறதையுமா அண்ணி?"

"அதையும்தான், தம்பி."

முதல் செடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். மண்ணை உதறிவிட்டு, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"நல்லாத்தானே கீது" என்று என்னிடம் காட்டினான். அவன் அதைக் கொண்டுபோய் எரிக்கிற குவியலில் போட்டுவிட்டு, அடுத்த செடிக்குக் குனிந்தான்.